ராமேசஸ் மூக்கில் மிளகு

எகிப்துக்குச் சுற்றுலா போய் வழிகாட்டியிடம் வசமாக மாட்டிக்கொண்டவர்களில் மூத்தவர் ஹெரோடோட்டஸ். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு. பெரிய பிரமிடில் ஏதோ செதுக்கியிருப்பதைப் பார்த்து, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டிருக்கிறார். கூட வந்த துபாஷி கண் இமைக்காமல், "கட்டட ஆட்களுக்கு முள்ளங்கி, வெங்காயம், பூண்டு வாங்கிப்போட்ட செலவு சாமி. 1,600 தாலந்து வெள்ளி" என்று சொல்லிவிட்டான். தன் சமாதியில் பூண்டுக் கணக்கை எந்த ராஜா எழுதிவைப்பான் என்று இவருக்குத் தோன்றவில்லை. பக்தியோடு குறித்துக்கொண்டார். குறித்ததோடு விட்டாரா? பூண்டுக்கே இவ்வளவென்றால் இரும்புக்கும் துணிமணிக்கும் எவ்வளவு ஆகியிருக்குமோ என்று வியந்து வேறு எழுதினார். அவரைத்தான் வரலாற்றின் தந்தை என்கிறோம்.

இதை எங்களுக்குச் சொன்னவர் வாத்தியார். ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர். இடம், லக்ஸரில் நைலின் மேற்குக் கரை, நாங்கள் தங்கியிருந்த விடுதியின் மொட்டை மாடி. கையில் செம்பருத்தி டீ. குழுவில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சியும், வேலையில் இருந்த காலம் முழுக்கத் தொழிற்சங்கத்தில் இருந்த தோழரும் உண்டு. நான் கேட்கும் ஆள்.

"ஒரு தாலந்து எத்தனை கிலோ வே?" என்றார் அண்ணாச்சி.

"சுமார் 26."

அண்ணாச்சி மனக்கணக்குப் போட்டார். "40 டன்னுக்கு மேல வெள்ளி. பூண்டுக்கா? கணக்கு எழுதினவன் வீட்டைச் சோதனை போட்டிருக்கணும்."

மறுநாள் ராமேசியம். இரண்டாம் ராமேசஸ் தனக்குத் தானே கட்டிக்கொண்ட நினைவுக் கோயில். வாசலிலேயே அவருடைய சிலை விழுந்து கிடக்கிறது. ஒரே கல்லில் செதுக்கியது, முழுசாக நின்ற காலத்தில் ஆயிரம் டன் இருந்திருக்கும் என்கிறார்கள். அதைத் தாண்டினால் சுவர் முழுக்க ஒரே சண்டைக் காட்சி. தேரில் ராமேசஸ், கையில் வில், காலடியில் ஈசல் கூட்டமாக எதிரிகள். கி.மு. 1274-இல் நடந்த காதேஷ் யுத்தம். சுவரைப் பார்த்தால் அவர் ஒற்றை ஆளாக ஜெயித்துவிட்டார் என்றுதான் நினைப்போம். வாத்தியார் தொண்டையைச் செருமினார்.

நடந்தது இது. பட்டத்துக்கு வந்து ஐந்தாவது வருஷம், இளரத்தம். ஆமுன், ரே, ப்தா, சேத் என்று சாமி பெயர் வைத்த நாலு படைப் பிரிவுகளோடு சிரியாவுக்குக் கிளம்புகிறார் ராமேசஸ். வழியில் இரண்டு நாடோடிகள் வந்து கும்பிடு போட்டு, "ஹிட்டைட் ராஜா உங்க பேரைக் கேட்டதும் பயந்துபோய் அலெப்போ பக்கம் ஒதுங்கிட்டாருங்க" என்கிறார்கள். புகழ்ச்சி கலந்த தகவலைச் சரிபார்க்கும் வழக்கம் அரண்மனைகளில் கிடையாது. மற்ற மூன்று பிரிவுகள் பின்னால் ஆடி அசைந்து வர, ஆமுன் பிரிவோடு மட்டும் முன்னால் ஓடி, காதேஷ் கோட்டைக்கு எதிரே கூடாரம் அடித்துவிட்டார்.

அப்புறம் பிடிபட்ட இரண்டு வேவுக்காரர்களை நையப் புடைத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஹிட்டைட் ராஜா முவத்தல்லி எங்கேயும் ஓடவில்லை. கோட்டைக்குப் பின்னாலேயே மொத்தப் படையோடு உட்கார்ந்திருக்கிறார். நாடோடிகளை அனுப்பியதே அவர்தான். இந்த ஞானம் பிறப்பதற்குள் ஹிட்டைட் தேர்கள் ரே பிரிவைச் சிதறடித்துவிட்டுக் கூடாரத்துக்குள் புகுந்துவிட்டன. ஆமுன் பிரிவும் ஓட்டம் பிடித்தது.

அந்த நேரத்தில் ராமேசஸ் என்ன செய்தார் என்பதை அவரே விரிவாகச் செதுக்கிவைத்திருக்கிறார். முதலில் ஆமுன் சாமியிடம் சண்டை. உனக்கு எத்தனை கோயில் கட்டியிருக்கிறேன், எத்தனை மாடு கொடுத்திருக்கிறேன், இப்படி நட்டாற்றில் விடலாமா என்கிற ரீதியில். சாமிக்கு மனசு இளகிவிட்டது. உடனே இவர் தனியாளாக 2,500 தேர்களையும் அடித்துத் துவைத்து ஆற்றில் தள்ளிவிட்டார். கூட நின்ற கேடயக்காரன் மென்னா நடுங்கினானாம், இவர்தான் தைரியம் சொன்னாராம். பிறகு ஓடிப்போன படையைக் கூப்பிட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி திட்டிவிட்டு, எனக்குத் துணை நின்றவை என் தேர்க்குதிரைகள் இரண்டும்தான், இனி தினமும் அவற்றுக்கு நானே தீனி வைப்பேன் என்று அறிவிக்கிறார். குதிரைகளின் பெயர்கூடச் சுவரில் இருக்கிறது. கடைசி நேரத்தில் கடற்கரைப் பக்கமிருந்து வந்து சேர்ந்த துணைப்படைதான் அவரை உயிரோடு மீட்டது. அந்தப் புண்ணியவான்களுக்கு ஓரமாகச் சின்ன இடம்.

"கடைசியில காதேஷைப் பிடிச்சாரா இல்லையா?" என்றார் தோழர்.

இல்லை. ஊருக்குத் திரும்பிவிட்டார். ஹிட்டைட்கள் பின்னாலேயே டமாஸ்கஸ் பக்கம் வரை வந்து போனார்கள். இவர் வந்த வேகத்தில் அபிடோஸ், கர்னாக், லக்ஸர், ராமேசியம், அபு சிம்பெல் என்று ஐந்து கோயில்களின் சுவர்களிலும் வெற்றிச் செய்தியைச் செதுக்கச் சொல்லிவிட்டார்.

"டெபாசிட் போன தொகுதியில நன்றி அறிவிப்புக் கூட்டம்" என்றார் தோழர்.

மன்னர் 66 வருஷம் ஆண்டார். அத்தனை காலம் ஒரே பொய்யைச் சுவரில் வைத்திருந்தால் மறுப்பதற்குச் சாட்சி மிஞ்சாது. ஆனால் எதிராளியிடமும் ஆவணக் காப்பகம் இருக்கும் என்பதை அவர் எதிர்பார்க்கவில்லை. துருக்கியில் ஹிட்டைட் தலைநகரைத் தோண்டியபோது களிமண் பலகைகள் குவியல் குவியலாகக் கிடைத்தன. அவற்றில் இந்த இரண்டு அரண்மனைகளும் பின்னால் சமாதானமாகி எழுதிக்கொண்ட கடிதங்களும் உண்டு. கி.மு. 1259 வாக்கில் உடன்படிக்கை ஆனது. அதன் நகல் ஒன்று நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகத்தில் மாட்டியிருக்கிறது. ஹிட்டைட் ராஜாதான் சமாதானம் கேட்டு வந்தார் என்று எகிப்தியப் பிரதி அப்போதும் மீசையை முறுக்குகிறது.

எனக்குப் பிடித்தது வேறொரு கடிதம். புது ஹிட்டைட் ராஜா ஹத்துசிலிக்கு ஒரு அக்கா. கல்யாணமாகிக் குழந்தை இல்லை. எகிப்து வைத்தியர்களுக்கு அன்றைக்கு உலகப் புகழ். மருந்து தெரிந்த ஒருவரை அனுப்பி வைக்கமுடியுமா என்று மன்னர் மன்னரைக் கேட்கிறார். ராமேசஸுக்குப் பிள்ளைகள் நூறு பேர் அளவில், ஆகவே கேட்ட இடம் சரியான இடம்தான். பதில் வந்தது: உங்கள் அக்காவை எனக்குத் தெரியும். அவளுக்கு 50 வயதா? கிடையவே கிடையாது, 60! இந்த வயதில் பிள்ளை பெறவைக்க யாராலும் மருந்து தரமுடியாது. இருந்தாலும் நீங்கள் கேட்டதற்காக ஒரு வைத்தியரையும் ஒரு மந்திரவாதியையும் அனுப்புகிறேன்.

ஒரு ராஜகுமாரியின் வயதைப் பத்து வருஷம் ஏற்றி அரசுமுறைக் கடிதத்தில் எழுதிய ஒரே தலைவர் இவராகத்தான் இருப்பார். கல்லில் பார்த்த ஆளைவிடக் களிமண்ணில் இருக்கும் ஆளோடு கூட உட்கார்ந்து டீ குடிக்கலாம் போலிருந்தது.

வாத்தியாருக்கும் இதுதான் கட்சி. கல்லில் இருப்பதை நம்பாதே, ஓட்டில் இருப்பதை நம்பு என்பார். அதனாலேயே மதியம் எங்களை தேர் எல்-மதீனாவுக்குக் கூட்டிப்போனார். ராஜாக்களின் கல்லறைகளை வெட்டிய தொழிலாளர்கள் குடும்பத்தோடு வாழ்ந்த குடியிருப்பு. தெருவெல்லாம் ஆள் அகலம்தான். இந்த மக்கள் உடைந்த பானை ஓட்டிலும் சுண்ணாம்புக்கல் சில்லிலும் எழுதித் தள்ளியிருக்கிறார்கள். கடன் கணக்கு, சலவைத் துணிக் கணக்கு, கழுதை வாடகைத் தகராறு, எல்லாம். அதில் முக்கியமான சரக்கைப் பார்க்க லண்டனுக்கும் இத்தாலியில் டூரினுக்கும் போகவேண்டும். எகிப்தில் பார்க்கவேண்டியதில் பாதி எகிப்தில் இல்லை.

லண்டனில் இருப்பது ஒரு வருகைப் பதிவேடு. ராமேசஸ் ஆட்சியின் 40-ஆவது ஆண்டு, 40 ஆட்களின் பெயர், 280 நாள் கணக்கு. வராத நாளின் தேதி கறுப்பு மையில். வராத காரணம் அதன் மேல் சிவப்பு மையில். ஒருவனுக்குத் தேள் கொட்டிவிட்டது. ஒருவனுக்குக் கண்வலி. ஒருவன் செத்துப்போன தாய்க்குத் துணி சுற்றப் போனான். ஒருவன் பீர் காய்ச்சினான், காரணத்தை மறைக்கவுமில்லை. சிலர் மேஸ்திரியின் சொந்த வேலைக்குப் போயிருக்கிறார்கள், அதுவும் பதிவேட்டிலேயே ஏறியிருக்கிறது.

தோழர் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். இவ்வளவு நாணயமான வருகைப் பதிவேட்டைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்றார்.

அவரை முழுசாக வீழ்த்தியது அடுத்த கதை. மூன்றாம் ராமேசஸின் 29-ஆவது ஆண்டு. கூலி அந்தக் காலத்தில் கோதுமையும் வாற்கோதுமையும்தான். அது வரவில்லை. தொழிலாளர்கள் வேலையை அப்படியே போட்டுவிட்டு வெளியேறி, ஒரு கோயிலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். மறுபடி நாங்கள் காலையில் பார்த்த அதே ராமேசியத்துக்குள் புகுந்தார்கள். பசியும் தாகமும்தான் எங்களை இங்கே கொண்டுவந்தது, துணியில்லை, எண்ணெயில்லை, மீனில்லை, காய்கறியில்லை, பார்வோனுக்கு எழுதுங்கள் என்றார்கள். எழுத்து ஆதாரத்தோடு நமக்குக் கிடைத்த உலகின் முதல் வேலைநிறுத்தம். போலீஸ் அதிகாரி மென்துமோஸ் தடியைத் தூக்கவில்லை. வீட்டைப் பூட்டுங்கள், பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிவாருங்கள், பெரிய கோயிலுக்கு நானே முன்னால் நடக்கிறேன் என்றிருக்கிறார்.

"போலீஸா?"

"போலீஸ்தான்."

தோழர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். மணல் என்று சொன்னார்.

அமைச்சர் தோ அப்போது ராஜாவின் முப்பதாம் ஆண்டு விழாவுக்காகச் சாமி சிலைகளைத் திரட்டிக்கொண்டு அலைந்தார். களஞ்சியத்திலேயே ஒன்றுமில்லாவிட்டாலும் இருப்பதைப் பார்த்துத் தருகிறேன் என்று சொல்லி அனுப்பி, அரைப்படி கொடுக்கவைத்தார். விழா நடத்தப் பணம் இருந்தது பாருங்கள் என்று தோழர் ஆரம்பித்தார். வாத்தியார் பேச்சைப் பனேப் பக்கம் திருப்பினார்.

பனேப் இதே ஊர் மேஸ்திரி, கொஞ்சம் முந்திய தலைமுறை. அவன் மேல் ஒருவர் எழுதிய புகார் மனு லண்டனில் இருக்கிறது. அமைச்சருக்கு ஐந்து வேலையாட்களை லஞ்சமாகக் கொடுத்துப் பதவி வாங்கினான். சேத்தி மன்னரின் அடக்கத்தில் திருடினான், மதுவை எடுத்துக் குடித்துவிட்டு அவருடைய கல் சவப்பெட்டி மேலேயே ஏறி உட்கார்ந்தான். ஊரார் மனைவிகளிடம் தகாத உறவு. கூட வேலை செய்த மேஸ்திரியைக் கொன்றுவிடுவதாக மிரட்டல். ஒரு வாத்தும் திருடினான். படிக்கப் படிக்க ரத்தம் கொதிக்கும். அந்த மேஸ்திரி வேலை தனக்கு வரவேண்டியது என்று மனு போட்டவரே அதில் எழுதியிருப்பதைப் படித்ததும் கொதிப்பு கொஞ்சம் அடங்கும்.

ராஜாக்களின் பள்ளத்தாக்கைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, படங்களில் எல்லோரும் பார்த்ததுதான். ஆறாம் ராமேசஸின் கல்லறையில் மட்டும் நில்லுங்கள். சுவரில் கிரேக்க, ரோமானியப் பயணிகள் சுமார் ஆயிரம் இடங்களில் கிறுக்கியிருக்கிறார்கள். ஒருவர், வந்து பார்த்தேன், சவப்பெட்டி தவிர எதுவும் பிடிக்கவில்லை என்கிறார். இன்னொருவர் இந்தச் சித்திர எழுத்தைப் படிக்கமுடியவில்லையே என்று புலம்ப, அதற்கு மூன்றாமவர், படிக்கமுடியாவிட்டால் உனக்கென்ன போச்சு என்று பதில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அவ்வளவு தூரம் கப்பலேறி, பாலைவனம் நடந்து வந்து சண்டை.

அன்று ராத்திரி அண்ணாச்சிக்கு மனக்குறை. எல்லோரும் எழுதியிருக்கிறான், நம்மாள் ஒருத்தன்கூட இல்லையா?

உண்டு. லக்ஸருக்குக் கிழக்கே, செங்கடல் கரையில் குசெயிர் பக்கம் ஒரு பழைய ரோமானியத் துறைமுகம். அங்கே கிடைத்த கி.பி. முதல் நூற்றாண்டுப் பானை ஓடுகளில் தமிழ் பிராமியில் கணன், சாதன் என்று பெயர் பொறித்திருக்கிறது. படையெடுத்தேன் என்றோ வென்றேன் என்றோ ஒரு வரி இல்லை. பானை என்னுடையது, எடுக்காதே. அவ்வளவுதான். இன்றைக்கும் எவர்சில்வர் தூக்கின் கழுத்தில் பெயர் வெட்டாமல் கடையைவிட்டு இறங்காத பரம்பரை.

அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். வாத்தியார் விடவில்லை. அதற்கெல்லாம் முன்னாலேயே நம்ம சரக்கு இங்கே வந்தாயிற்று என்றார். இரண்டாம் ராமேசஸ் கி.மு. 1213-இல் இறந்தபோது, அந்த வளைந்த மூக்கு சப்பிப் போகாமலிருக்க நாசித் துவாரத்தில் மிளகைத் திணித்திருக்கிறார்கள். தென்னிந்தியாவின் மேற்குமலைக் காட்டுப் பொருள்.

"ஐயோ, அனுப்பினவனுக்கு ரூவா வந்திச்சா?"

"எழுதிவைக்கவில்லை."

"வந்திருக்காது" என்றார் தோழர். "கல்லறை வெட்டினவனுக்கே கோதுமை கொடுக்கல."

"அது மூன்றாம் ராமேசஸ்."

"எத்தனாம் ராமேசஸா இருந்தா என்னங்க?"

வாத்தியார் சமாதானமாக இன்னொன்று சொன்னார். செங்கடல் கரையில் இன்னும் தெற்கே பெரெனிகே என்கிற துறைமுகம். அங்கே செராபிஸ் கோயில் முற்றத்தில் இந்தியாவில் செய்த ஒரு பெரிய சாடி புதைந்திருந்தது. தோண்டியெடுத்தால் உள்ளே மிளகு. முதல் நூற்றாண்டுச் சரக்கு. ஒருவரும் தொடவில்லை, அப்படியே இருந்தது.

"எவ்வளவு?"

"ஏழரை கிலோ."

அண்ணாச்சி டீத் தம்ளரைக் கீழே வைத்தார். "ஏழரைன்னு எந்த வியாபாரியாவது சாமிக்கு நிறுத்துக் குடுப்பானா? ஒண்ணு ஏழு, இல்லாட்டி எட்டு. பின்ன அந்தக் கோயில் எப்படி வே விளங்கும்?"