பக்கத்து வீட்டுத் தவணை

கேள்வி: மகளிர் குழுக்கடனில் ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில் கட்டுகிறார்களே, இது என்ன நியாயம்?
- ஒரு வாசகி, விழுப்புரம்

பதில்: நகைக்கடனில் நகை அடகு, இதில் பக்கத்து வீட்டுக்காரி அடகு. பெட்டகத்தில் வைத்துப் பூட்டத்தான் முடியாது! கடன் பணத்தில் யார் மாடு வாங்கினாள், யார் வாஷிங் மெஷின் வாங்கினாள் என்று வேவு பார்க்கும் வேலையைக் குழுவே சம்பளமில்லாமல் செய்துவிடுகிறது. வசூலுக்கு வருபவர் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் போதும்.

வேடிக்கையைக் கேளுங்கள். ஐந்து பேர் குழுவை உலகப் புகழாக்கிய வங்கதேச கிராமீன் வங்கியே, 2000-களின் தொடக்கத்தில் முறையைத் திருத்தியபோது, ஒருவர் கடனுக்கு மற்றவர் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டது. பிலிப்பைன்ஸில் ஒரு வங்கி குழுக் கூட்டத்தை வைத்துக்கொண்டு கூட்டுப் பொறுப்பை மட்டும் கழற்றிவிட்டது. ஜினே, கார்லன் என்ற பொருளாதார அறிஞர்கள் கணக்கைப் புரட்டினார்கள், வாராக்கடன் கூடவில்லை. இங்கேதான் இன்னும் பிடியை விட மனசு வரவில்லை.

கூட்டுப் பொறுப்புக்குக் கையெழுத்துப் போட்டிருந்தால் உங்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் காலை 9 மணிக்கு முன்போ, மாலை 6 மணிக்குப் பின்போ வசூல் தொல்லை கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் 2022 விதி. ஆறரைக்கு வந்தால், நாளை வரச் சொல்லுங்கள்.