சைக்கிள் சம்பந்தி

கல்யாண வீட்டில் சம்பந்தி யார் என்று கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. காபியில் டிகாக்‌ஷன் குறைச்சல், பாத்ரூமில் வெந்நீர் வரவில்லை, பந்தியில் நெய்க்காரன் இரண்டாம் தடவை திரும்பிப் பார்க்கவில்லை என்று எவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாரோ அவர்தான். அந்த வம்சத்தில் ஒரு கிளை டெல்லிக்குக் குடியேறி, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, ஜி.டி. ரோடில் இருநூறு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்துக்கொண்டிருக்கிறது. பெண் வீட்டார் இருக்கிற இடத்தில் சைக்கிள் கிளப்பை வைத்துப் பாருங்கள், மற்றதெல்லாம் அச்சாகப் பொருந்தும்.

இந்த மிதிப்புக்கு பி.ஆர்.எம். என்று பெயர். 1904-ல் பிறந்த பாரிஸ் ஆடாக்ஸ் கிளப் 1921 முதல் நடத்திவரும் சமாச்சாரம் இது. இங்கே ஆடாக்ஸ் இந்தியா ரேண்டனர்ஸ் என்ற அமைப்பின் கீழ் ஊருக்கு ஊர் கிளப்புகள் நடத்துகின்றன. பந்தயம் கிடையாது. முதலில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் ஒரே மரியாதைதான். 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம், 300-க்கு 20, 400-க்கு 27, 600-க்கு 40. நான்கையும் ஒரே சீசனில் முடித்தால் சூப்பர் ரேண்டனர் என்ற பட்டம். பட்டத்துக்குச் சம்பளமும் இல்லை, பஞ்சப்படியும் இல்லை.

விதிகளின் சாரம் ஒன்றுதான்: உன் வயிறு உன் பொறுப்பு. பஞ்சர் ஆனால் நீயே ஒட்டிக்கொள், தாகம் எடுத்தால் நீயே தண்ணீர் பிடி, வழி தவறினால் நீயே திரும்பி வா. பின்னால் கார் வைத்துக்கொண்டு உதவி வாங்குவதானாலும் கன்ட்ரோல் பாயின்ட்டில் மட்டும்தான். கிளப்பின் வேலை, நீ அங்கே வந்தாயா என்று பார்த்து அட்டையில் முத்திரை குத்துவது. சோறு போடுவதாக ஒரு வரிகூட இல்லை.

சம்பந்தி இதையெல்லாம் படிக்காதவர் இல்லை. ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் போடாத பக்கத்து ஆளைக் காட்டிக்கொடுக்கும் அளவுக்குக் கரைத்துக் குடித்திருக்கிறார். ஆனாலும் பதிவுக்கட்டணமாகச் சில நூறு ரூபாய் கட்டிவிட்டார். கட்டிய விநாடியில் அவர் மாப்பிள்ளை வீடு ஆகிவிட்டார்.

ஆள் எப்படி இருப்பார்? மயூர் விஹாரிலோ ஆர்.கே.புரத்திலோ வீடு. மத்திய சர்க்கார் உத்தியோகம், ரிட்டயர்மென்ட்டுக்குச் சில வருஷம் பாக்கி. டாக்டர் 'சுகர் பார்டர்லைன்' என்று சொன்ன அன்று சாயங்காலமே கார்பன் ஃப்ரேம் சைக்கிள் வாங்கியவர். அந்த விலைக்கு அவர் அப்பா கும்பகோணத்தில் ஒரு மனை வாங்கியிருப்பார். அரைக் கிலோ எடை குறைவு என்பதற்காகத்தான் அந்தச் சைக்கிள். அதன் ஹேண்டில் பையில் புளியோதரை, நாலு பேரீச்சம்பழப் பொட்டலம், இரண்டு பார்லே-ஜி, எலக்ட்ரால், கடலை மிட்டாய், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி என்று இரண்டு கிலோ இருக்கும். இத்தனையும் வைத்துக்கொண்டுதான் மனிதர் கன்ட்ரோலில் வாழைப்பழம் கேட்பார்.

முதல் புகார் சைக்கிள் உருள்வதற்கு முன்பே வந்துவிடும். ஜனவரி மாதம், காலை ஐந்தரை. டெல்லியில் சைக்கிள் விட உகந்த குளிர்காலமும் மூச்சு விடத் தகாத காலமும் ஒன்றாகவே வந்து தொலைக்கின்றன. பனிமூட்டத்தில் முன்னால் நிற்பவரின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிகிறது. முன்பின் விளக்குகள் எரிகின்றனவா என்று தன்னார்வலர் ஒருவர் விரல் விறைக்க ஒவ்வொரு சைக்கிளாகச் சோதித்துக்கொண்டிருக்கிறார். சம்பந்தி அவரிடம் கேட்பார்: "பேட்டா, ஒரு டீ கூட ஏற்பாடு பண்ணலையா?"

பையன் சிரித்துக்கொண்டே, "அங்கிள்ஜி, முர்த்தல்ல குடிச்சுக்கலாம்" என்பான். அந்தச் சிரிப்பும் புகார்க் கணக்கில் ஏறிவிடும்.

முர்த்தல் ஐம்பது கிலோமீட்டரில் வருகிறது. முகர்பா சவுக், சிங்கு எல்லை, குண்ட்லி, ராய் எல்லாம் தாண்டி, கால் சூடேறிச் சைக்கிள் தானாக ஓடுகிற நேரத்தில் இடதும் வலதும் தாபாக்கள். அம்ரீக் சுக்தேவ், குல்ஷன் என்று பேர் பெற்றவை. இரவு பகல் பாராமல் அடுப்பு எரியும் ஊர். உண்மையான ரேண்டனர் இங்கே பாட்டிலை நிரப்பிக்கொண்டு ஐந்து நிமிஷத்தில் கிளம்புவார். சம்பந்தி சைக்கிளைச் சாத்திவிட்டு, அடியில் கிளீட் வைத்த ஷூவோடு வழவழத் தரையில் டக் டக்கென்று நாட்டியக்காரி மாதிரி நடந்து, லாரி டிரைவர்கள் எல்லாம் அந்த இறுக்கமான அரை டிராயரைப் பார்த்துக்கொண்டிருக்க, மேஜையைப் பிடிப்பார்.

தந்தூரில் சுட்ட ஆலு பராட்டா வருகிறது. மேலே எலுமிச்சை அளவுக்கு வெள்ளை வெண்ணெய். சூட்டில் அது உருகித் தட்டின் ஓரத்துக்கு ஓடுவதற்குள் விரலால் தடுத்து நடுவுக்குத் தள்ளுவார். அந்த லாகவத்தில் பாதி கியர் மாற்றுவதில் இருந்தால் மனிதர் பாரிஸே போய்விடுவார். முதல் பராட்டா பசிக்கு. இரண்டாவது, முள்ளங்கி சீசன் என்பதற்கு. மூன்றாவதை ஆர்டர் செய்துவிட்டு, அது வரும்வரை முதுகை நிமிர்த்தலாமே என்று கயிற்றுக் கட்டிலில் சாய்வார். ஆடாக்ஸ் விதிகளில் இல்லாத ஆபத்து இந்தக் கட்டில். வெண்ணெயும் இளவெயிலும் கயிற்றுத் தொய்வும் ஒன்றுசேர்ந்தால் கண் செருகும். பலபேருடைய பி.ஆர்.எம். டயர் வெடித்து முடிந்ததில்லை, இந்தக் கட்டிலில்தான் முடிந்திருக்கிறது.

வெளியே டீ குடிக்கும் பெரியவர் ஒருவர் ஹுக்கா வாசனையோடு விசாரிப்பார். எங்கே போகிறீர்கள்? பானிபட் போய்த் திரும்பணும். ஜெயித்தால் என்ன கிடைக்கும்? ஒன்றுமில்லை, ஒரு மெடல். மெடல் சும்மா கொடுப்பார்களா? இல்லை, அதற்கும் தனியாகக் காசு. பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வீட்டில் எல்லாம் சௌக்கியம்தானே?" என்பார். ஹரியானாவில் இதைவிட நயமாக ஒருவரைப் பைத்தியம் என்று சொல்ல முடியாது.

200-ல் நூறாவது கிலோமீட்டர் கன்ட்ரோல் கிளம்பிய 6 மணி 40 நிமிஷத்தில் மூடிவிடும். ஆறு மணிக்குக் கிளம்பினால் 12.40. இந்த ஒரு கணக்கு மட்டும் சம்பந்தியின் எதிரி. கட்டிலிலிருந்து எழுந்தபோது பத்தே கால். கனௌர், சமால்கா எல்லாம் தாண்டி, எதிர்ப்பக்கத்தில் கரும்பு ஏற்றி வந்த டிராக்டரைத் திட்டிக்கொண்டே பானிபட்டை அடைந்தபோது 12.38.

பாலத்துக்குக் கீழே ஒரு மடக்கு மேஜை, ஒரு மைப்பெட்டி, ஒரு ரப்பர் ஸ்டாம்ப், குளிரில் மூக்கு சிவந்த ஒரு பெண். ஒன்பது மணியிலிருந்து அங்கே உட்கார்ந்திருக்கிறாள். வார நாளில் குர்கானில் ஏதோ ஐ.டி. கம்பெனியில் வேலை, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைத் தானம் செய்துவிட்டு வந்திருக்கிறாள், சம்பளம் எதுவும் கிடையாது. மனமிரங்கி அவளே தன் கைக்காசில் மூன்று டஜன் வாழைப்பழமும் உப்பு போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கும் வாங்கி வைத்திருந்தாள். வேகமாக வந்தவர்கள் தின்றுவிட்டுப் போய்விட்டார்கள். தட்டில் தோலும் ஒரு கறுத்த பழமும் மிச்சம்.

அட்டையில் முத்திரை விழுந்த கையோடு நான்காம் பானிபட் போர் தொடங்கும். "பழம் எங்கே? எல்லாருக்கும் சமமா இல்லையா? பின்னால வர்றவங்க மனுஷங்க இல்லையா?" 1526, 1556, 1761-ல் நடந்த மூன்றிலும் சாம்ராஜ்யங்களின் விதி மாறியது; இதில் ஒரு கறுத்த வாழைப்பழம் கைமாறும்.

சம்பந்தியைச் சும்மா கிண்டல் செய்துவிட்டுப் போவது நியாயமில்லை. அவர் கோபத்துக்குப் பின்னால் உடம்பின் நியாயம் ஒன்று இருக்கிறது. ஈரலிலும் தசையிலும் சேர்த்துவைத்த கிளைகோஜன் தீரும்போது ரத்தத்தில் சர்க்கரை இறங்கும். கை நடுங்கும், வழிகாட்டிப் பலகையில் எழுத்து மறையும், எதிரில் நிற்கும் ஆள் எல்லாம் துரோகியாகத் தெரிவார். சைக்கிள்காரர்கள் இதைப் 'பாங்க்' என்பார்கள். பராட்டா தின்ற வயிறாயிற்றே என்றால், மூன்று பராட்டா வெண்ணெய் செரிக்க வேண்டிய ரத்தத்தைக் கால்கள் கேட்கின்றன, கால்களுக்கு வேண்டியதை வயிறு வைத்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் அனுபவஸ்தர்கள் பசிக்கும் முன்பே அரை மணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிக்கிறார்கள். கால் ஓய்ந்துவிட்டது என்று ஐம்பத்தாறு வயது மனிதர் இருபத்தாறு வயதுப் பெண்ணிடம் சொல்வதற்குக் கூச்சம். வாழைப்பழம் குறைச்சல் என்று சொல்வதற்கு என்ன கூச்சம்?

ஆள் உட்காராத கன்ட்ரோல்களும் உண்டு. அங்கே போனதற்குச் சாட்சியாக ஏ.டி.எம். சீட்டோ கடை பில்லோ காட்டவேண்டும். சம்பந்தி கடை பில் கட்சி. ஏ.டி.எம்.மில் பேப்பர் தீர்ந்திருக்கும், பில்லில் நேரமும் இருக்கும், லஸ்ஸியும் இருக்கும். ஆனால் அந்தப் பில்லையும் கிளப்புக்கு அனுப்பித் தொகையைத் திருப்பித் தர வழியுண்டா என்று கேட்டவரை நான் அறிவேன். டி.ஏ. பில் போட்டுப் போட்டுப் பழகிய கை.

திரும்பும் வழியில் பக்கத்தில் மாட்டிக்கொண்டால் வெளிநாட்டுப் புராணம் கேட்கவேண்டும். "லண்டன்-எடின்பரோ-லண்டன்ல என்ன ஏற்பாடு தெரியுமோ? ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர், ஒவ்வொரு கன்ட்ரோல்லயும் பாஸ்தா, சூப், படுக்கை. எல்லாம் ஃபீஸுக்குள்ள." ஏறக்குறைய நிஜம்தான். அந்த ஃபீஸுக்கு டெல்லியில் ஒரு சீசன் முழுக்க மிதிக்கலாம் என்பதைச் சொல்லமாட்டார். 2025-ல் ஃப்ளோரிஸ் புயல் வந்து சவாரியைப் பாதியிலேயே நிறுத்தியதையும் சொல்லமாட்டார். பாரிஸ்-ப்ரெஸ்ட்-பாரிஸ் பேச்சு எடுத்தால் குரல் குழையும். 1891-ல் பந்தயமாகத் தொடங்கி, இப்போது நான்கு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் 1,200 கிலோமீட்டர் சவாரி. பிரெஞ்சு கிராமத்து ஜனங்கள் நடுராத்திரியில் வாசலில் மேஜை போட்டுக் காபியும் பலகாரமும் கொடுப்பார்களாம். 1910-ல் லூயி துரான் என்ற பலகாரக்காரர் அந்தப் பந்தயத்தின் நினைவாகச் சக்கர வடிவில் ஒரு கேக்கே செய்துவிட்டார். 'பாரிஸ்-ப்ரெஸ்ட்' என்றே பெயர். "பார்த்தீங்களா சார், பிரான்ஸ்ல சைக்கிளுக்கு ஸ்வீட்டே இருக்கு!" என்பார். அங்கேயும் கன்ட்ரோலில் வரிசையில் நின்று காசு கொடுத்துத்தான் சாப்பிடவேண்டும் என்று நான் சொன்னேன். அந்த நிமிஷம் பார்த்து அவருக்கு எதிர்க்காற்று அதிகமாகிவிட்டது, காதில் விழவில்லை.

ராத்திரி ஒன்பது மணிக்கு கிளப்பின் வாட்ஸ்அப் குழுவில் மகஜர் வந்துவிடும். சர்க்கார் ஆபீஸ் நடை அப்படியே இருக்கும். பொருள்: பானிபட் கன்ட்ரோலில் வாழைப்பழத் தட்டுப்பாடு – தொடர்பாக. அதன்கீழ் (அ), (ஆ), (இ). முர்த்தலில் கிளப் சார்பில் மேஜை ஒதுக்காதது ஏன்? போன வருஷத்து மெடல் எங்கே? தன்னார்வலர்கள் சிரிப்பதற்கு ஏதேனும் வழிகாட்டு நெறிமுறை உண்டா? 'உரிய நடவடிக்கைக்காகத் தாழ்மையுடன் சமர்ப்பிக்கப்படுகிறது' என்று முடியும். மறுநாள் காலையில், அடுத்த மாத 300-க்கு முதல் ஆளாகப் பதிவு செய்திருப்பார்.

கிளப் நடத்துபவர் பொறுமைசாலி. ஒருநாள் அந்தப் பொறுமை வேறு உருவம் எடுத்தது. "சார்ஜி, அடுத்த 200-க்கு பானிபட் கன்ட்ரோல் நீங்களே பார்த்துக்குங்க" என்றார். சம்பந்தி ஒரு வாரம் தூங்கவில்லை. கரோல் பாக் மெஸ் ஒன்றில் இருநூறு இட்லி, வீட்டில் மாமி இடித்த மிளகாய்ப்பொடி, இதயம் நல்லெண்ணெய் இரண்டு பாட்டில், பந்தி நடத்தக் கரண்டி, வாழையிலை டிசைன் போட்ட பேப்பர் தட்டு. எல்லாருக்கும் சமம், தலைக்கு மூன்று இட்லி என்று கையால் எழுதிய போர்டு வேறு.

பத்து மணிக்கு முதல் கும்பல் வந்தது. ரோத்தக்கிலிருந்து வந்த பையன்கள், தொடை ஒவ்வொன்றும் தூண். இட்லியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஒருவன் முத்திரை வாங்கிக்கொண்டு, "அங்கிள்ஜி, பராட்டா நஹி ஹை?" என்றான். இன்னொருவன் மேஜையில் இருந்த நல்லெண்ணெய் பாட்டிலை எடுத்து முகர்ந்தான். பையன் முகத்தில் ஒரு நிறைவு. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டே, காலையிலிருந்து கீச் கீச்சென்று கத்திக்கொண்டிருந்த செயினுக்கு ஒரு கண்ணிக்கு ஒரு சொட்டாக நிதானமாக விட்டான். செயின் சத்தம் நின்றது. மற்ற மூன்று பேரும் தங்கள் சைக்கிள்களைக் கவிழ்க்க ஆரம்பித்தார்கள்.

"அரே! அது பொடிக்கு வெச்சது, செயினுக்கு இல்ல!" என்று சம்பந்தி கரண்டியோடு பாய்ந்தபோது முதல் பாட்டில் முக்கால் காலி. பையன் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு ஏறிப் போய்விட்டான். அன்று ராத்திரி குழுவில் அவன் செய்தி வந்தது: பானிபட் ஏற்பாடு பிரமாதம், இலவசமாகச் செயின் ஆயில்கூட வைத்திருந்தார்கள், அடுத்த தடவை துடைக்கத் துணியும் வைத்தால் நல்லது.