மூலப்பத்திரம் எங்கே, தாத்தா?

ஏலே பேரப்பிள்ளை, நல்ல கேள்விதான் கேட்டே. "இந்தக் காலத்துல போய் பைபிளை எப்படி தாத்தா நம்புதிய? ராஜாவும் பிஷப்புமாச் சேந்து மாத்தி எழுதினதாமே?" எங்க படிச்சேன்னு கேட்டா, போன்ல ஒரு வீடியோங்கே. பேசினது யாருன்னா தெரியாதுங்கே. அவன் எதைப் பாத்துச் சொன்னான்னா அதுவும் தெரியாதுங்கே. வேதத்துக்கு மூலப்பத்திரம் கேட்டு வந்த வக்கீல் கையில ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது!

சரி, கேட்டாச்சு. ஆயுசெல்லாம் சார்பதிவாளர் ஆபீசு வாசல்ல கிரயப் பத்திரம் எழுதி வயித்தை வளத்தவன் நான். நல்ல பத்திரம் எது, கள்ளப் பத்திரம் எதுன்னு மோந்து பாத்தே சொல்லிருவேன். அந்தக் கண்ணால பாத்ததைச் சொல்லுதேன். பொறவு இதை நம்ம சபை ஐயர்கிட்டப் போய் ஒப்பிச்சுறாதே. அவர் நல்ல மனுசன், ராத்திரி தூங்கணும்.

முதல்ல உனக்குச் சந்தோசமான சேதி: மூலப்பத்திரம் கிடையாது. பவுல் சொல்லச் சொல்ல ஒருத்தன் எழுதின ஏடு, மாற்கு எழுதின ஏடு, ஒண்ணுகூட மிச்சமில்லை. இருக்கதெல்லாம் நகல், நகலுக்கு நகல். மான்செஸ்டர்ல ரைலண்ட்ஸ் நூலகம்னு ஒண்ணு. அங்க உள்ளங்கையில அடங்குற மாதிரி ஒரு பாப்பிரஸ் துண்டு வச்சிருக்காவ. எகிப்துல கிடைச்சது. பிலாத்து இயேசுவை விசாரிக்கிற இடம், யோவான் 18-ல சில வரி. 1935-ல அதைப் படிச்சு வெளியிட்டாவ. கி.பி. இரண்டாம் நூற்றாண்டுன்னு பெரும்பாலான ஆட்கள் சொல்லுதாவ. புதிய ஏற்பாடு முழுசும் ஒரே கட்டா வேணும்னா நாலாம் நூற்றாண்டு வரை இறங்கி வரணும். சீனாய் மலை அடிவாரத்து மடத்துல கிடந்த பிரதி அது. அதுல பெரும்பகுதியை 1933-ல ரஷ்யாக்காரன்கிட்ட ஒரு லட்சம் பவுண்டு குடுத்து வாங்கி லண்டன்ல வச்சிருக்காவ.

சிரிக்காதே, இரு. பழைய ஏற்பாட்டுக் கதை இன்னும் ருசியா இருக்கும். 1947-ல சாக்கடல் ஓரம் கும்ரான் குகையில ஆட்டுக்காரப் பயலுவ கண்ணுல சில சாடி பட்டுது. உள்ள தோல் சுருளு. அதுல ஏசாயா புத்தகம் ஒண்ணு, ஏழு மீட்டருக்கு மேல நீளம், இயேசு பிறக்கதுக்கு நூறு வருசத்துக்கு முந்தினது. அதுவரை நம்ம கையில இருந்த முழு எபிரெயப் பிரதியெல்லாம் கி.பி. 900, 1000-த்துல எழுதினது. நடுவுல ஆயிரம் வருச இடைவெளி. ரெண்டையும் பக்கத்துல விரிச்சா எழுத்துக்கூட்டல்ல வித்தியாசம் நெறைய, அங்கங்க சொல்லும் மாறுது. ஆனா புத்தகம் அதே புத்தகம்.

கன்வென்ஷன் மேடையில இதைச் சொல்லாத பிரசங்கியார் உண்டா? மைக்கே வேர்த்துப் போகும். ஆனா அதே கும்ரான்ல வேற குகையில எரேமியாவும் கிடைச்சுது பாரு, அதைப் பத்தி வாயைத் திறக்க மாட்டாவ. எரேமியா பழைய கிரேக்க மொழிபெயர்ப்புல ஏழெட்டுல ஒரு பங்கு குட்டையா இருக்கும், அதிகார வரிசையும் வேற. மொழிபெயர்த்தவன் வெட்டிட்டான்னு பலபேர் நெனச்சிருந்தாவ. கும்ரான்ல பாத்தா எபிரெயத்துலயே அந்தக் குட்டை எரேமியாவோட துண்டு இருக்கு, நீளமானதும் இருக்கு. ஒரே சொத்துக்கு ரெண்டு பத்திரம், ரெண்டும் ஒரே பெட்டியில! அந்தக் காலத்து யூதருக்கு அது உறுத்தின மாதிரியே தெரியலை.

இனி உன் வீடியோக்காரனுக்கு வாரேன். ராஜாவும் பிஷப்புமா நைசியாங்கிற ஊருல கூடிப் பைபிளை மாத்துனாங்கன்னானே, அந்தக் கூட்டம் 325-ல. அங்க அடிபட்டது ஆரியஸ் வழக்கு, குமாரன் பிதாவுக்குச் சமமா இல்லையான்னு. எந்தப் புத்தகத்தைச் சேக்கணும், எதைத் தள்ளணும்னு அங்க ஓட்டுப் போடலை. இன்னைக்கு நாம வச்சிருக்க 27 புத்தகம் அப்படியே ஒரு பட்டியலா வர்றது 367-ல, பிஷப்பு அத்தனாசியுஸ் எழுதின ஈஸ்டர் கடிதாசியில. சரி, ராஜா நெனச்சா மாத்தியிருக்க முடியுமா? ரோம ராஜா டயோக்ளீசியன் 303-ல வேதச் சுருளையெல்லாம் கொளுத்தச் சொல்லி ஆணையே போட்டான். நெறைய எரிஞ்சுது, ஆனா எல்லாத்தையும் கொளுத்த முடியலை. எகிப்துல ஒரு நகல், சிரியாவுல ஒரு நகல், ஆப்பிரிக்காவுல ஒரு நகல்னு எவனெவன் வீட்டுலயோ கிடக்கு. பதிவு ஆபீசு ஒண்ணே ஒண்ணா இருந்தா குமாஸ்தாவைக் கையில போட்டுத் திருத்திரலாம். ஊருக்கு ஊரு நகல் கிடந்தா எவனைப் பிடிப்பே?

லண்டன்ல ராஜாவோட அச்சடிக்கிறவனே 1631-ல ஒரு பைபிள் போட்டான். பத்துக் கட்டளையில விபசாரம் வர்ற இடத்துல 'கூடாது' விட்டுப் போச்சு. கட்டளை தலைகீழாயிட்டு! சந்தோசப்பட்டவன் எத்தனை பேரோ. கொஞ்ச நாள்லயே சிக்கிட்டான். முந்நூறு பவுண்டு அபராதம், உரிமமும் போச்சு, பிரதிகளைத் தேடித் தேடி அழிச்சாவ. பக்கத்து வீட்டுல சரியான நகல் இருந்ததுனாலதான் பிடிபட்டுது.

ஆனா சில சேர்ப்பு பிடிபட ரொம்ப நாளாச்சு. அதை மறைச்சா நான் பத்திரம் எழுதினவன் இல்ல. விபசாரத்துல பிடிபட்ட பொம்பளையை 'உங்கள்ல பாவமில்லாதவன் கல்லெறியட்டும்'னு காப்பாத்துன கதை, பழைய யோவான் பிரதிகள்ல இல்லை. மாற்கு கடைசி 12 வசனமும் அப்படித்தான். 1 யோவான் 5:7-ல பரலோகத்துச் சாட்சி மூவர்னு வருதே, எராஸ்மஸ் தன் கிரேக்கப் பதிப்புல 1516-லயும் 1519-லயும் அதைச் சேக்கலை. ஊரு கூடி வைய ஆரம்பிச்ச பிறகு 1522-ல சேத்தாரு. நம்ம பழைய தமிழ் வேதாகமத்துல இன்னும் அது உக்காந்திருக்கு. புதுசா வந்த மொழிபெயர்ப்புகள்ல பெரும்பாலும் எடுத்துட்டாவ, இல்ல அடிக்குறிப்புக்குத் தள்ளிட்டாவ. பத்திரத்துல பின்னால நுழைஞ்ச ஷரத்துதான், பக்கத்துல கையெழுத்து இல்லை. அந்தப் பொம்பளை கதை மட்டும் நடந்ததுன்னே எனக்குத் தோணுது. அப்படி ஒரு பதிலைக் கற்பனை பண்ணுத அளவுக்கு எழுத்தருக்கு மூளை இருந்திருந்தா அவன் ஏன் நகல் எழுதிக்கிட்டிருக்கான்?

அடுத்து என்ன கேப்பேன்னு தெரியும்: முரண்பாடு. யூதாசு மத்தேயுவுல நாண்டுக்கிட்டுச் சாவான். அப்போஸ்தலர்ல தலைகீழா விழுந்து வயிறு வெடிச்சுச் சாவான். நம்ம உபதேசியார் கயிறு அந்துபோச்சுன்னு சொல்லி ரெண்டையும் முடிச்சுப் போடுவார். கயிறு அந்ததுக்குச் சாட்சி அவர் ஒருத்தர்தான். இயேசுவோட தாத்தா பேரு மத்தேயுவுல யாக்கோபு, லூக்காவுல ஏலி. லூக்கா சொல்லுத சிரேனியு குடிமதிப்பு கி.பி. 6-ல நடந்தது. ஏரோது செத்ததோ பெரும்பாலார் கணக்குல கி.மு. 4. இதுக்கு எத்தனையோ சமாதானம் படிச்சுப் பாத்தேன். லூக்கா அந்த இடத்துல கணக்கு தப்பிட்டாருன்னுதான் எனக்குப் படுது.

ஆனா ஒண்ணு பாரு. நாலு சாட்சியும் ஒரே வார்த்தையைச் சொன்னா முன்சீபு என்ன நெனப்பார்? சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டு வந்திருக்காங்கன்னு நெனப்பார். கள்ளப் பத்திரம்தான் அடித்தல் திருத்தல் இல்லாம மொழுமொழுன்னு இருக்கும். இந்தப் புத்தகத்தைக் கட்டினவனுவளுக்கு முரண்பாடு கண்ணுல படலைன்னா நெனக்கே? ஆதியாகமம் முதல் அதிகாரத்துல மிருகம் முந்தி, மனுசன் பிந்தி. ரெண்டாவதுல மனுசன் முந்தி. ஒண்ணைக் கிழிச்சுப் போட எவ்வளவு நேரமாகும்? கிழிக்கலை. சபைக்குத் தூணான பேதுரு ஒரு வேலைக்காரி முன்னால, 'எனக்கு அந்த ஆளையே தெரியாது'ன்னு சத்தியம் பண்ணினதை மறைக்கலை. பொம்பளை சாட்சி செல்லாதுன்னு யூத சரித்திரக்காரர் யோசேபுஸ் எழுதி வச்ச காலத்துல, கல்லறை காலியா இருந்ததை முதல்ல பாத்தது பொம்பளைன்னு நாலு சுவிசேசக்காரரும் எழுதுதாவ. பொய்ச்சாட்சி தயார் பண்ணுதவன் இப்படி ஆளைப் பிடிக்க மாட்டான்.

உடனே 'ஸ்தோத்திரம்'னு கையைத் தூக்கிறாதே. நகல் சரியா இருக்குன்னா விசயமும் சரின்னு ஆகாது. 1961-ல செசரியாவுல பிலாத்து பேரு வெட்டின கல்லு கிடைச்சுது. பிலாத்து இருந்தான், அவ்வளவுதான். மூணாம் நாள் கல்லறையில என்ன நடந்ததுன்னு எந்தக் கல்லும் சொல்லாது, எந்தப் பாப்பிரஸும் சொல்லாது. நான் நம்புதேன். ஏன்னு கேட்டா நூலகத்தைக் காட்ட மாட்டேன், அது வேற வழக்கு. உலகத்துக்கு ஆறாயிரம் வயசுங்கதைச் சொல்லி என்னை மடக்காதே. கி.மு. 4004-னு கணக்குப் போட்டது அயர்லாந்து பிஷப்பு அஷர், 1650-ல. பொறவு அதை ஆங்கில பைபிள் ஓரத்துல அச்சடிச்சாவ. ஓரத்துல இருந்ததை உள்ள இருக்கதா நெனச்சுச் சண்டை போட்டவன் பல பேரு.

இந்தக் காலத்துல நான் பயப்படுதது புத்தகத்துக்கில்ல, கத்தரிக்கோலோட வாரவனுக்கு. 1807-ல லண்டன்ல ஒரு பைபிள் அடிச்சாவ, மேற்கிந்தியத் தீவு கரும்புத் தோட்டத்து அடிமைகளுக்குன்னு. பழைய ஏற்பாட்டுல பத்துல ஒம்பது பங்கு போச்சு, புதிய ஏற்பாட்டுல பாதி போச்சு. எகிப்துல அடிமையாக் கிடந்த சனத்தை மோசே கூட்டிட்டு வந்தானே, அந்தக் கதையே காணோம். 'வேலைக்காரரே, எசமானுக்குக் கீழ்ப்படியுங்க' மட்டும் பத்திரமா இருக்கு. புத்தகம் ஒண்ணுத்துக்கும் உதவாத பழங்கதைன்னா அந்தத் துரைமாரு இம்புட்டுக் கஷ்டப்பட்டு வெட்டியிருப்பானா? முழுசாக் குடுத்தா தோட்டம் என்னாகும்னு உன் வீடியோக்காரனைவிட அவனுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு. இன்னொரு வகை ஆளு வெட்ட மாட்டான், கூட்டுவான். அமெரிக்காவுல வில்லியம் மில்லர்னு ஒருத்தர் தானியேல்ல நாள் கணக்கை எடுத்துக் கூட்டிப் பாத்தார். 1844 அக்டோபர் 22-ல கர்த்தர் வருவார்னு அவர் ஆட்கள் காத்துக்கிட்டிருந்தாவ. 23-ஆம் தேதி விடிஞ்சுது. நம்ம ஊருலயும் தேதி குறிக்கிறவன் இருக்கான். அவன் குறிக்கிற தேதிக்குப் பின்னால அவனே நிலம் வாங்கிப் பத்திரம் பதியுதான்.

உன்னை 66 புத்தகத்தையும் படின்னு சொல்லலை, லேவியராகமத்துலயே குறட்டை விட்டுருவே. மாற்கு மட்டும் வாசி. இருக்கதுலயே சின்ன சுவிசேசம், 16 அதிகாரம், ஒரு சினிமா பாக்குற நேரம்தான். 16-ல 8-ஆம் வசனத்தோட நிறுத்திரு, ரொம்பப் பழைய முழுப் பிரதிக அங்கதான் நிக்கு. கல்லறைக்குப் போன பொம்பளைங்க பயந்து ஓடுதாவ, ஒருத்தர்கிட்டயும் ஒண்ணும் சொல்லலைன்னு முடியும். சொல்லலைன்னா மாற்குக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு நீ கேப்பே. அந்தக் கேள்வியோட வா, பேசுவோம். வீடியோவோட வந்தா திண்ணையில ஏத்த மாட்டேன்.