ஜூன் ஒன்றாம் தேதிக்காரர்கள்

ஜூன் 1 விடிந்தால் போதும், எங்கள் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் கேக் படங்கள் வந்து குவியும். பென்னாகரம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் என்னோடு ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அன்றுதான் பிறந்தநாள். ஒரே நாளில் இத்தனை பிரசவம் பார்த்த மருத்துவச்சி யாரோ என்று வெளியூர்க்காரர்கள் மலைக்கலாம். மருத்துவச்சி இல்லை, தலைமை ஆசிரியர்.

1982 ஜூன். அப்பாவும் அம்மாவும் கடலைக் காட்டில் இருந்ததால், என்னைச் சேர்த்துவிட ஆயா இழுத்துக்கொண்டு போனாள். வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் வயது ஐந்து. தொடாவிட்டால் அடுத்த வருஷம் வா. எத்தனையோ நுழைவுத் தேர்வுகள் வந்துவிட்டன, இவ்வளவு சுருக்கமாக ஒன்று வரவில்லை.

என் விரல் காதுக்கு மேலேயே நின்றுவிட்டது.

"தலைதாங்க சார் பெரிசு, கையி சரியாத்தான் இருக்குது" என்று வாதாடிக்கொண்டே ஆயா என் காதைப் பிடித்து மேலே இழுத்து விரலோடு சேர்த்துவிட்டாள். நான் போட்ட அலறலில் சார் தேர்ச்சி என்று ஒப்புக்கொண்டார்.

"ஏம்மா, பையன் எப்பப் பொறந்தான்?"

"செவலப் பசு ரெண்டாவது கன்னு போட்ட மறுவாரங்க சார். மழைன்னா மழை, அப்படி மழை."

அது ஐப்பசி மழை. ஆனால் சார் மாட்டின் வம்சாவளிக்குள் போகவில்லை. 1982-இல் ஐந்தைக் கழித்து, 1.6.1977 என்று எழுதிவிட்டு, "அடுத்து யாரு?" என்றார்.

பிறப்பு இறப்பைப் பதிய 1969-லேயே சட்டம் வந்துவிட்டது. எங்கள் ஊர் பஸ்ஸில் அதற்கு இடம் கிடைக்கவில்லை போலிருக்கிறது. தர்மபுரி மாவட்டத்துக்கே, சேலத்திலிருந்து பிரிந்த 2.10.1965 என்று சுத்தமாக ஒரு தேதி இருக்கிறது. யாரும் அதைக் காதைத் தொடச் சொல்லவில்லை.

சாரின் கணக்கு எவ்வளவு தூரம் பாயும் என்பது அரசு வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. ஓய்வு வயது 58 என்றார்கள், 2020-இல் 59 ஆக்கினார்கள், 2021-இல் 60 ஆக்கினார்கள். எல்லாம் சரி. ஆனால் ஒன்றாம் தேதி பிறந்தவன் முந்தின மாதக் கடைசி நாளிலேயே மூட்டை கட்ட வேண்டும் என்பது விதி. ஆகவே குழுவில் சர்க்கார் சம்பளம் வாங்குகிற அத்தனை பேரும் 2037 மே 31 சாயங்காலம் மாலையும் கழுத்துமாக வீட்டுக்குப் போவோம். சார் பேனாவை ஒரே ஒரு நாள் தள்ளிப் பிடித்திருந்தால் ஜூன் மாதச் சம்பளம் மிஞ்சியிருக்கும்.

தேதி முடிந்ததும் அங்க அடையாளம். சட்டையைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முழங்காலில் ஒரு தழும்பு அகப்பட்டது. இரண்டாவதற்கு வெகுநேரம் தேடி, கடைசியில் "இடது கன்னத்தில் ஒரு மச்சம்" என்று எழுதி முடித்தார். திண்ணைக்கு வந்ததும் ஆயா என் முகத்தைப் பார்த்தாள், முந்தானை நுனியை எச்சில் தொட்டு ஒரு தேய் தேய்த்தாள். மச்சம் முந்தானைக்குப் போய்விட்டது. காலையில் தின்ற கேழ்வரகுக் களி காய்ந்து ஒட்டியிருந்திருக்கிறது.

அடுத்த மாதம் 1-ஆம் தேதி எம்.ஜி.ஆரின் சத்துணவு வந்தது. நெல்லுச்சோற்றைப் பண்டிகைக்குப் பண்டிகை பார்த்த ஊர் எங்களுடையது. மத்தியானமானால் சோறு என்றதும் காது எட்டாத பொடிசுகளுக்கெல்லாம் ஒரே வாரத்தில் கை நீண்டுவிட்டது.

பதிவேட்டில் ஏறியது இறங்குமா? களி மச்சம் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வரை என்னோடு தேர்ச்சி பெற்று வந்தது. வேலையில் சேர்ந்த அன்று சான்றிதழ் சரிபார்த்த அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என் இடது கன்னத்தை நெடுநேரம் ஆராய்ந்தார்.

"மச்சம் எங்கப்பா?"

என்ன செய்ய? அன்று காலை வீட்டில் இட்லி.