விசாலத்தின் விலை
இங்கிலாந்தின் விக்டோரியா காலத் தொடர்வீடுகளில், அதாவது பக்கச் சுவரை அண்டை வீட்டோடு பங்கிட்டுக்கொள்ளும் வீடுகளில், வாடகை வருமானம் கருதி வாங்குபவர் கூடத்தின் விசாலத்தைக் கண்டு மகிழ்வது வழக்கம்; கணப்படுப்பைச் சூழ்ந்து அறைக்குள் புடைத்து நின்று மேலுள்ள புகைபோக்கியைத் தாங்கிய செங்கற்கட்டை முன்னாள் உரிமையாளர் இடித்தெடுத்ததால் கிடைத்த விசாலம் அது என்பதை விளம்பரம் கூறுவதில்லை. எஞ்சிய கட்டை எஃகு உத்தரம் தாங்குகிறதா, பழைய ஆணிகளும் நம்பிக்கையும் தாங்குகின்றனவா என்பதற்கான விடை, வாங்குபவர் ஏறாத பரணில் இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் பொதுச்சுவர்ச் சட்டப்படி அண்டை வீட்டாருக்கு அறிவிப்புத் தரப்பட்டதா என்பது அதைவிட மங்கலானது. கூரைக்கு மேல் புகைபோக்கி சாய்ந்திருந்தால், புகையின் கந்தகம் ஈரத்தோடு சேர்ந்து உண்டாக்கும் சல்பேட்டு உப்புகள் மழை படும் பக்கத்துச் சாந்தை உப்பச் செய்திருக்கலாம் என்று பொறியாளர் விளக்குவார். தரகரோ அதனைப் பழைமையின் அழகு என்பார், விலையையும் அதற்கேற்பவே சொல்வார்.