புகைச் சான்றிதழுக்காகப் புகைத்தல்: ஓர் ஆய்வு

வத்தக்குழம்பின் பக்குவம் பற்றி நம்மவர்கள் எழுதிக் குவித்திருக்கிறார்கள். சைலன்ஸரின் பக்குவம் பற்றி எழுதியவர் எவரும் என் கண்ணில் பட்டதில்லை. கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு முறையாவது புகை டெஸ்டுக்கு வண்டியைத் தயார் செய்கிறார்கள். தயார் செய்வதாக நினைத்துக்கொள்ளவாவது செய்கிறார்கள். அந்த நினைப்பையும் சேர்த்து ஆராய்வதே இக்கட்டுரை.

ஆய்வுக் களம், வேளச்சேரி. ஆய்வுப் பொருள், 2012இல் வாங்கிய பெட்ரோல் கார் ஒன்று. ஆய்வுக் காலம், ஒரு திங்கட்கிழமை காலை 7 மணி முதல் 8.40 வரை. ஆய்வாளரே வண்டிக்குச் சொந்தக்காரர் என்பதால் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

முன்னாய்வு என்ற சடங்கைச் சுருக்கமாக முடித்துவிடலாம். அன்னாசிப் பழத்துக்கு அந்த வாசனை எங்கிருந்து வருகிறது என்று கலிபோர்னியாவில் ஆராய்ந்துகொண்டிருந்தவர் ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர். லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துப் புகைமூட்டம் பக்கம் அவர் மூக்கைத் திருப்பினார். கார்களின் புகையும் வெயிலும் சேர்ந்து செய்யும் வேலை அது என்று 1950களில் காட்டினார். 1966இல் கலிபோர்னியா புகைக்கு வரம்பு விதித்தது. சென்னை, மெட்ராஸ் என்று அழைக்கப்பட்ட 1995இல், புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிடிக் கன்வர்ட்டர் கட்டாயமாயிற்று. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் பூசிய பாத்திரம் அது. வீட்டில் இதைச் சொன்ன நாளிலிருந்து காருக்கு மரியாதை கூடியிருக்கிறது.

இனி, தயாரிப்பு பற்றிய சித்தாந்தங்கள்.

முதலாவது கழுவல்வாதம். டெஸ்டுக்கு முதல் நாள் வண்டியை ஷாம்பு போட்டுக் கழுவி, சைலன்ஸர் முனையைத் துணியால் துடைத்துப் பளபளப்பாக்குவது. வீட்டுக்குப் பெரியவர்கள் வரும்போது வாசலைக் கூட்டும் மரபின் நீட்சி இது. கருவிக்கு மூக்கு உண்டு, கண் இல்லை என்பதை இவர்கள் ஏற்பதில்லை. ஏறக்குறைய ஓரடி ஆழத்துக்கு உள்ளே செருகப்படும் குழாய், வாசல் பளபளப்பை எப்படிப் பார்க்கும்?

இரண்டாவது பிளக்வாதம். கார்புரேட்டர் காலத்து மெக்கானிக்குகளின் மதம். பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய், ஏர் ஃபில்டரைத் தட்டு, ஸ்லோ ஸ்பீடைத் திருகு. அக்காலத்து வண்டிக்கு இது நூற்றுக்கு நூறு சரி. ஏர் ஃபில்டர் தூசியில் அடைத்தால் காற்று குறையும், பெட்ரோல் மிகும், கார்பன் மோனாக்சைடு ஏறும். இன்றைய வண்டியிலோ ஆக்சிஜன் சென்சார் ஒன்று புகையை முகர்ந்து பார்த்துப் பெட்ரோலை அவ்வப்போது கூட்டிக் குறைக்கிறது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடைக் கணக்கில் அது கறார் மாமியார். ஆனாலும் பிளக் சரியாகப் பொறி விடாவிட்டால் எரியாத பெட்ரோல் அப்படியே வெளியேறி ஹைட்ரோகார்பன் கணக்கில் ஏறும் என்பதால், பிளக்வாதிகளை முற்றாகத் தள்ளிவிட முடியாது.

மூன்றாவதை அத்வைத மார்க்கம் எனலாம். வண்டி மாயை, சான்றிதழே மெய் என்பது அதன் சாரம். வண்டியை வீட்டிலேயே நிறுத்திவிட்டு நம்பரை மட்டும் அனுப்பினால் சான்றிதழ் வந்து சேரும். நம்பர் பிளேட்டோடு வண்டியைப் படம் பிடித்து ஏற்ற வேண்டும் என்று வந்த பிறகு இம்மார்க்கத்துக்குச் சற்றுத் தளர்ச்சி.

நான் எந்தச் சித்தாந்தத்தையும் சாராதவன். ரத்தப் பரிசோதனைக்குப் போய்ப் பழகியவன், அவ்வளவுதான். வெறும் வயிற்றோடு போனால் சர்க்கரை குறைவாகக் காட்டும். அப்படியானால் இரவு முழுக்க ஓடாமல் ஓய்ந்திருந்த வண்டி குறைவாகத்தானே புகைக்கும்? தவிர, திங்கட்கிழமை 7.30க்கு ராகு காலம் பிறந்துவிடும். ஆகவே 7 மணிக்கே, வீட்டிலிருந்து 300 மீட்டரில் இருக்கும் பெட்ரோல் பங்குக்குப் போனேன்.

அங்கிருந்த தம்பி குழாயைச் செருகினார். பிறகு, "ரைஸ் பண்ணுங்க சார்... போதும், அப்படியே பிடிங்க" என்றார். என் வண்டி பி.எஸ். 4. இந்த வகைக்கு இரண்டு தேர்வு. சும்மா ஓடும்போது கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தையும், ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் 200 பங்கையும் தாண்டக் கூடாது. என்ஜினை நிமிடத்துக்கு 2,500 சுற்று அளவில் பிடித்துவைத்தால் 0.2 சதவீதம்தான் வரம்பு. அம்பாசடர் காலத்து வண்டிகளுக்கு 3 சதவீதம் வரை மன்னிப்பு உண்டு. இளையவனுக்குத்தான் கண்டிப்பு அதிகம் என்பது நம் வீடுகளில் நடப்பதற்கு நேர்மாறு.

என் வண்டிக்கு சும்மா ஓடும்போதே 0.62. தோல்வி.

"வண்டி பச்சைத் தண்ணி மாதிரி ஜில்லுனு இருக்கு சார். ஒரு பெரிய ரவுண்டு அடிச்சுட்டு வாங்க, தானா சரியாயிடும்" என்றார் தம்பி. என் வெறும் வயிற்றுக் கொள்கை அங்கே உயிர் நீத்தது. என்ஜின் குளிர்ந்திருக்கையில் பெட்ரோலைக் கூடுதலாகக் கேட்கும். கொடுத்ததை முழுக்க எரிக்காது. அந்த மிச்சத்தைச் சுத்திகரிக்க வேண்டிய கன்வர்ட்டரோ 250, 300 டிகிரி சூடு ஏறும்வரை கண் விழிக்காது. ரத்தப் பரிசோதனைக்குப் பட்டினி. புகைப் பரிசோதனைக்குப் பந்தி சாப்பிட்டு வியர்க்க வியர்க்கப் போக வேண்டும்.

தாம்பரம் வரை போய்த் திரும்பினேன். 8.30க்கு, அதாவது ராகு காலம் கனிந்திருந்த வேளையில், மறுபடி குழாய் உள்ளே போயிற்று. 0.04. ஹைட்ரோகார்பன் 38. அமோகத் தேர்ச்சி. ராகுவுக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் உறவில்லை என்பது இவ்வாய்வின் உபரி முடிவு.

முதன்மை முடிவு இனிமேல்தான். போக வர ஏறக்குறைய 28 கிலோமீட்டர். லிட்டருக்கு 14 கொடுக்கும் வண்டிக்கு அது இரண்டு லிட்டர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். முக்கால் கிலோ எடையுள்ள பெட்ரோலிலிருந்து இரண்டே கால் கிலோவுக்கு மேல் எப்படி வந்தது என்று என் தமையனார் மடக்கினார். மிச்சம் முழுவதும் காற்றிலிருந்து சேர்ந்த ஆக்சிஜன். ஆக, என் வண்டி குறைவாகப் புகைக்கிறது என்று நிரூபிப்பதற்காக நான் நாலரை கிலோவுக்கு மேல் புகைத்திருக்கிறேன். தம்பி கொடுத்த தாளில் கார்பன் டை ஆக்சைடும் அச்சாகியிருந்தது, 14.8 சதவீதம் என்று. அதன் எதிரே வரம்பு என்ற கட்டம் மட்டும் காலி. நன்றாக எரிய எரிய அந்த எண் ஏறும். அது ஏறினால் பாராட்டு.

வண்டியே தன்னைத் தயார் செய்துகொண்ட கதையும் உண்டு. இன்ஸ்பெக்டர் வரும் நாளில், பதில் தெரிந்தவன் வலது கையையும் தெரியாதவன் இடது கையையும் தூக்கு, மொத்தத்தில் எல்லாரும் கை தூக்கு என்று சொல்லிவைக்கும் வாத்தியாரை நாம் அறிவோம். அந்த வாத்தியாரை மென்பொருளாக்கி டீசல் கார்களுக்குள் உட்கார வைத்தது ஃபோக்ஸ்வேகன். சக்கரம் சுற்றுகிறது, ஸ்டீயரிங் திரும்பவில்லை என்றால் இது சாலை இல்லை, சோதனைக்கூடம் என்று வண்டி புரிந்துகொண்டு சாதுவாகிவிடும். சாலைக்கு வந்ததும் நைட்ரஜன் ஆக்சைடுகளை வரம்பைப் போல 40 மடங்கு வரை கக்கிய வண்டிகளும் இருந்தன. 2015 செப்டம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை இதை அம்பலப்படுத்தியது. உலகம் முழுவதும் சுமார் 1.1 கோடி கார்கள் இந்த வகுப்பில் படித்தவை. நம் பங்கில் உள்ள கருவி நைட்ரஜன் ஆக்சைடுகளைக் கேட்பதே இல்லை என்பதால், இங்கே அந்த வாத்தியாருக்கு வேலையில்லை.

சான்றிதழ் இல்லாமல் பிடிபட்டால் 10,000 ரூபாய் வரை அபராதம் என்று 2019இல் திருத்திய சட்டம் சொல்கிறது. அந்தப் பயத்தோடு ஒப்பிட்டால் இரண்டு லிட்டர் பெரிய செலவில்லைதான். இருந்தாலும் ஆய்வாளன் மனம் கேட்கவில்லை. பி.எஸ். 4 வண்டிக்கு விதிப்படி ஓராண்டு செல்லும் என்பதால் அடுத்த டெஸ்டுக்குக் காலம் இருக்கிறது. குடும்பத்தில் ஒரு திருப்பதி வேண்டுதல் பாக்கி. போய்விட்டு 135 கிலோமீட்டர் ஓடித் திரும்பும் வழியில், என்ஜின் ஆறுவதற்குள் பங்குக்குள் நுழைந்துவிடத் திட்டம். வண்டியைப் படம் பிடிக்கும்போது மொட்டைத் தலைகள் நான்கு உள்ளே தெரியும். நம்பர் பிளேட்டை மறைக்காத வரையில் விதியில் அதற்குத் தடையில்லை.