மேலே கேட்டுச் சொல்கிறேன்

கொள்ளையடிக்கிற மாகாண ஆளுநரையாவது ரோமுக்கு இழுத்து வழக்குப் போடலாம். ரோமப் பேரரசின் பித்தினியா மாகாணத்தார் இரண்டு பேரை அப்படி இழுத்தார்கள். கைசுத்தமாக வந்து, எதற்கெடுத்தாலும் 'மேலே கேட்டுச் சொல்கிறேன்' என்பவரை என்ன செய்வது?

ரோம வழக்கறிஞர் பிளினியைச் சொல்வதாக நினைக்கவேண்டாம், பொதுவாகத்தான் சொல்கிறேன். ஆனால் அந்த இருவருக்காகவும் வாதாடிவிட்டு, கி.பி. 110 வாக்கில் அதே பித்தினியாவுக்கு ஆளுநராகப் போனவர் பிளினிதான். வழக்கமாகச் செனட் ஆள் அனுப்பும் மாகாணம் அது. கணக்குவழக்கெல்லாம் குழம்பிக் கிடந்ததால், பேரரசர் ட்ராஜன் தாமே இவரைத் தேர்ந்து முழு அதிகாரத்தோடு அனுப்பினார். அதிகாரம் பெட்டியிலேயே இருந்தது.

அந்த மாகாணத்துப் புரூசா நகரில் குளியல் மண்டபம் பழசு, அழுக்கு, புதிதாகக் கட்டலாமா? ரோமுக்குக் கடிதம். சிறைக்கு நகர அடிமைகளே காவல் இருக்கட்டுமா, படைவீரர் வேண்டுமா? கடிதம். அமாஸ்திரிஸில் ஆறு என்ற பெயரில் ஊர் நடுவே ஓடுகிற சாக்கடையை மூடலாமா? மூக்கு உள்ளவர் கேட்கிற கேள்வியா இது? அதற்கும் கடிதம்! பதில் கடல் தாண்டி வரும்வரை ஊரார் மூக்கைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கட்டடங்களை அளக்க ரோமிலிருந்து ஓர் ஆள் வேண்டும் என்றார். இங்கேயே ஆள் போதவில்லை, அங்கேயே தேடும் என்றார் ட்ராஜன். அடுத்து நைசீயா நாடக அரங்கு. 1 கோடி செஸ்டர்ஸ் நாணயங்களுக்கு மேல் விழுங்கியும் முடியவில்லை. அதற்குள் விரிசல் விட்டுப் புதைந்துகொண்டிருந்தது. கட்டட நிபுணரை அனுப்புங்கள் என்று மறுபடி விண்ணப்பம். நேரில் இருப்பவர் நீர், நீரே முடிவு செய்யும். நிபுணர்கள் கிரேக்கப் பக்கமிருந்துதானே இங்கே வருகிறார்கள் என்று பதில் வந்தது. பேரரசர் பல்லைக் கடிப்பது எழுத்திலேயே கேட்கிறது.

நிக்கோமீடியா விஷயத்தில் மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெருந்தீ பரவுகிறது, ஊரில் ஒரு வாளி இல்லை, ஜனங்கள் கைகட்டி நிற்கிறார்கள். வாளிக்குத் தாமே உத்தரவு போட்டார், வாழ்க! 150 பேர் கொண்ட தீயணைப்புக் குழுவுக்கு மட்டும் அனுமதி கேட்டார். ஆட்கள் சங்கமாகச் சேர்ந்தால் அரசியலாகிவிடும், கூடாது என்று ட்ராஜன் மறுத்துவிட்டார். வாளி இருந்தது, தூக்க ஆள் இல்லை.

ஒரு தடவை துணிந்தார். மனைவி கல்பூர்னியாவின் தாத்தா இறந்த செய்தி வந்தது. அத்தைக்கு ஆறுதல் சொல்ல அவள் உடனே கிளம்பவேண்டும். கேட்டுப் பதில் வருவதற்குள் துக்கமே ஆறிவிடும் என்பது அவருக்கே தெரிந்திருந்தது. அரசு வண்டிக்கான அனுமதிச்சீட்டைக் கேட்காமலே கொடுத்தனுப்பினார்.

அனுப்பிவிட்டு, செய்தது சரிதானா என்று ட்ராஜனுக்கு ஒரு கடிதம் எழுதினார்.